முதுகுல இசாக், இனி என்ன பண்றது

2025 ஆகஸ்ட் மாசம் முழுக்க வட இங்கிலாந்துல இருக்கிற எங்க நியூகாசில் ஊர்ல எங்க போனாலும் ஒரே பஞ்சாயத்துதான், பஸ் ஸ்டாப்ல, ஆபீஸ் கேன்டீன்ல, முடிவெட்டுற கடையில, எல்லா எடத்துலயும் இசாக் இசாக் இசாக். எங்க ஃபுட்பால் க்ளப் நியூகாசில் யுனைடெட்டோட ஸ்ட்ரைக்கர் அலெக்சாண்டர் இசாக், லிவர்பூல் க்ளப்புக்கு போயே ஆகணும்னு அடம்பிடிச்சு ஆசிய டூருக்கும் வரல, சீசன் ஆரம்பிச்ச பிறகும் களத்துல இறங்கல, கடைசியில செப்டம்பர் 1, ட்ரான்ஸ்ஃபர் முடியுற நாள்ல 125 மில்லியன் பவுண்டுக்கு போயே போயிட்டார். ஒரு பிரிட்டிஷ் க்ளப் ஒரு ஆட்டக்காரருக்கு அதுவரைக்கும் இவ்ளோ கொடுத்ததில்ல. சரி, நியூகாசிலுக்கு காசு வந்துச்சு, லிவர்பூலுக்கு ஆள் கிடைச்சுது, ரெண்டு பக்கமும் கணக்கு நேராயிடுச்சு. நடுவுல மாட்டிக்கிட்டது யாருன்னா முதுகுல இசாக் 14னு அடிச்ச ஜெர்சியை 80 பவுண்டு பக்கம் கொடுத்து, பேர் பிரிண்ட் பண்றதுக்கு தனியா காசு கட்டி வாங்கி வெச்சிருந்த ஜனங்க.

எங்க ஆபீஸ்ல ஒருத்தர் இருக்கார், அம்பது வயசு தாண்டினவர், அவர் அந்த எழுத்தை வீட்லயே உரிச்சு எடுத்திருக்கார். ஹேர் ட்ரையர்ல சூடு காட்டி, ட்வீசரால ஓரத்தைத் தூக்கி, மெதுவா மெதுவா இழுத்து, ஒட்டிக்கிட்டிருந்த பசையை நெயில் பாலிஷ் ரிமூவர் தொட்டுத் தொட்டு துடைச்சு, ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் உக்காந்து பண்ணாராம். மறுநாள் போட்டுக்கிட்டு வந்தார். பாத்தா, எழுத்துக்கு அடியில இருந்த துணி மட்டும் வெளுக்காம இருக்கு, சுத்தி இருக்கிறது துவைச்சுத் துவைச்சு மங்கியிருக்கு, அதனால தூரத்துல இருந்து பாத்தா பேர் இல்ல, வெளிச்சம் சாய்வா விழுந்தா அந்த நாலு இங்கிலீஷ் எழுத்தும் பளிச்சுனு நிக்குது. பேசாம தூக்கிப் போட்டுடலாமேன்னு கேட்டேன். "இதைப் போட்டுக்கிட்டுத்தான் வெம்ப்ளி போனேன், இதை எப்படி தூக்கிப் போடுவேன்"னார்.

அங்கதான் சிக்கல். 2025 மார்ச் 16, லண்டன் வெம்ப்ளி ஸ்டேடியத்துல லீக் கப் ஃபைனல், லிவர்பூலை 2-1னு ஜெயிச்ச மேட்ச், முதல் கோல் டான் பர்ன், ரெண்டாவது கோல் அடிச்சது இதே இசாக். 1955ல எஃப்ஏ கப் ஜெயிச்சதுக்கு அப்புறம் உள்நாட்டு கோப்பைன்னு ஒன்னு கைக்கு வர எழுபது வருஷம் ஆயிருக்கு, அந்த கோலை அடிச்ச ஆளே ஜெயிச்ச டீமை விட்டு தோத்த டீமுக்கு போயிட்டார். கோலை வெச்சுக்கிட்டு ஆளை மட்டும் எப்படி உரிக்கிறது? ஒருத்தர் பேரு மேல கறுப்பு டேப் ஒட்டிக்கிட்டு மேட்சுக்கு வந்திருந்தார், இன்னொருத்தர் ஒன்னும் பண்ணாம அப்படியே போட்டுக்கிட்டு, யாராவது மொறைச்சா "அன்னைக்கு நீ எங்க இருந்தே"ன்னு திருப்பிக் கேக்குறார். என் ஓட்டு இந்த ரெண்டாவது ஆளுக்குத்தான்.

இந்த ஊரைத் தெரியாதவங்களுக்கு ஒரு விஷயம் சொல்லணும். லண்டன்ல தெருவுக்குத் தெரு வேற வேற க்ளப், இங்க ஊருக்கே ஒரு பெரிய க்ளப்புதான், ஸ்டேடியமும் ஊருக்கு வெளிய எங்கயோ இல்ல, செயின்ட் ஜேம்ஸ் பார்க் ஊர் நடுவுல மேட்டுமேல நிக்குது, ஷாப்பிங் தெருவுல இருந்து நடந்தா பத்து நிமிஷம். 52,000 பேர் உள்ள உக்காரலாம். சனிக்கிழமை மேட்ச்னா காலையில இருந்தே கறுப்பு வெள்ளைக் கோடுதான், மேட்ச் இல்லாத செவ்வாய்க்கிழமையும் அதேதான். காய்கறி வாங்க வர்றவர் போட்டிருப்பார், பிரசவ வார்டுக்கு வெளிய கையைப் பிசைஞ்சுக்கிட்டு நிக்கிற பையன் போட்டிருப்பான், சாவு வீட்ல கூட கறுப்பு வேணாம், க்ளப் ஜெர்சியில வாங்கன்னு சொல்லி அனுப்புற குடும்பம் உண்டு. ஸ்கூல்ல யூனிஃபார்ம் வேணாம்னு விட்ட அன்னைக்கு கிளாஸ்ல பாதி பிள்ளைங்க கோடு கோடாத்தான் வரும்.

போடுற விதமும் ஒன்னா இருக்காது. குளிர் காலத்துல ஹூடி போட்டு அதுக்கு மேல ஜெர்சி, அதனால எல்லாரும் ரெண்டு சைஸ் பெருசா வாங்கி வெச்சிருப்பாங்க. நடுவயசு ஆம்பளைங்களுக்கு கோடெல்லாம் தொப்பை மேல ஏறி வளைஞ்சு இறங்கும், அதைப் பத்தி அவங்களுக்கு ஒரு கூச்சமும் கிடையாது, நல்லதுதான். ப்ளேயர் வெர்ஷன்னு ஒன்னு விக்கிறாங்க, நூறு பவுண்டுக்கு மேல, உடம்போட ஒட்டி நிக்கும், லோகோ தைச்சிருக்காது, சூடு வெச்சு ஒட்டியிருக்கும், அது இருபத்தஞ்சு வயசுல ஜிம் போறவனுக்கு தைச்சது, அதை நாப்பத்தஞ்சு வயசு அண்ணாச்சிங்க வாங்கி மூச்சைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறதைப் பாத்தா பாவமா இருக்கும். இன்னொரு கூட்டம் இருக்கு, ஜனவரி மாசம் வாயத் தொறந்தா புகை வர்ற குளிர்ல ஜெர்சியைக் கழட்டி தலைக்கு மேல சுத்திக்கிட்டு வெத்து உடம்போட நிப்பாங்க. டிவிக்காரங்க கேமராவை கரெக்டா அங்க கொண்டு போயிடுவாங்க.

இதெல்லாம் ஆதி காலத்துல இருந்து இப்படித்தான்னு நினைச்சுக்காதீங்க. கறுப்பு வெள்ளைக் கோடு என்னமோ 1894ல இருந்து இருக்கு, அதுக்கு முன்னாடி சிவப்புல ஆடிக்கிட்டிருந்தாங்க. ஆனா அதை ரசிகர்கள் போட ஆரம்பிச்சது ரொம்பப் பிந்தி. எழுபதுகள்ல எடுத்த ஃபோட்டோ எதையாவது பாருங்க, கேலரி முழுக்க கோட்டு, தொப்பி, மஃப்ளர், அவ்ளோதான். லெஸ்டர் பக்கத்துல விக்ஸ்டன்ல அட்மிரல்னு ஒரு உள்ளாடைக் கம்பெனி இருந்துச்சு, அவங்கதான் 1973ல லீட்ஸ் யுனைடெட்டோட ஒப்பந்தம் போட்டு இந்த வியாபாரத்தையே ஆரம்பிச்சு வெச்சாங்க, அடுத்த வருஷம் இங்கிலாந்து டீமையே பிடிச்சுட்டாங்க. சூட்சுமம் ரொம்ப சிம்பிள். வெறும் வெள்ளை ஜெர்சியை யார் வேணும்னாலும் தைச்சு விக்கலாம், அதுல ரெண்டு கோடு, ஒரு லோகோ, காலர்ல ஒரு பட்டின்னு சேத்து டிசைனைப் பதிவு பண்ணிட்டா வேற எவனும் தைக்க முடியாது, பையனுக்கு அதே ஜெர்சி வேணும்னா அப்பன் இவங்ககிட்டதான் வரணும். ஆமா, பையனுக்கு. அப்போ அது சின்னப் பசங்க உடுப்பு. பெரிய ஆம்பளை அதைப் போட்டுக்கிட்டு பப்புக்கு வந்தா சிரிச்சிருப்பாங்க. எண்பதுகள் கடைசி, தொண்ணூறுகள்லதான் அப்பாக்களும் போட ஆரம்பிச்சாங்க, அப்புறம் பாட்டி வரைக்கும் போயிடுச்சு.

நெஞ்சுல விளம்பரம் வந்த கதை இதைவிட தமாஷ். 1976ல கெட்டரிங் டவுன்னு ஒரு குட்டி க்ளப், உள்ளூர் டயர் கடைகிட்ட காசு வாங்கிக்கிட்டு ஜெர்சியில கெட்டரிங் டயர்ஸ்னு போட்டுக்கிட்டு இறங்கிட்டாங்க. ஃபுட்பால் அசோசியேஷன் உடனே எடுன்னுடுச்சு. இவங்க டயர்ஸ்ல முதல் எழுத்தை மட்டும் விட்டுட்டு மீதியை எடுத்துட்டு, அது டவுன்ல வர்ற டீ சார்னு பதில் சொன்னாங்க. அதுவும் செல்லல. ஆனா அடுத்த வருஷமே ஜெர்சி விளம்பரத்துக்கு அனுமதி கொடுத்துட்டாங்க. அதுக்கு அப்புறமும் 1983 வரைக்கும் டிவியில காட்டுற மேட்சுக்கு விளம்பரம் இல்லாத ஜெர்சிதான் போடணும்.

நியூகாசில்காரங்ககிட்ட உங்களுக்குப் பிடிச்ச ஜெர்சி எதுன்னு கேளுங்க, பத்துல ஏழு பேர் 1995ல வந்த அடிடாஸைத்தான் சொல்லுவாங்க. பட்டன் வெச்ச தாத்தா காலர், நெஞ்சுல நியூகாசில் பிரவுன் ஏல் பீர் பாட்டில் லேபிள்ல இருக்கிற நீல நட்சத்திரம். கெவின் கீகன் மேனேஜர், அந்த சீசன்ல 12 பாயிண்ட் முன்னாடி இருந்து லீக்கைக் கோட்டை விட்டாங்க, அதுக்கு அடுத்த கோடையில 15 மில்லியன் பவுண்டு, அன்னைக்கு உலக ரெக்கார்டு, கொடுத்து ஆலன் ஷியரரைக் கூட்டிட்டு வந்தாங்க, ஏற்கனவே 9 போட்டிருந்த லெஸ் ஃபெர்டினண்ட் தன் நம்பரை அவருக்கு விட்டுக்கொடுத்தார். தோத்த சீசன் ஜெர்சியை எதுக்கு இப்படிக் கொண்டாடுறாங்கன்னு நான் ரொம்ப நாள் யோசிச்சிருக்கேன். ஆட்டம் ஒரு காரணம், சரி. எனக்கு என்ன தோணுதுன்னா அந்த நட்சத்திரமும் ஒரு காரணம். அந்த பீர் காய்ச்சின ஆலை ஸ்டேடியத்துக்குப் பக்கத்துலயே இருந்துச்சு, மேட்சுக்கு நடந்து வரும்போது மால்ட் வேகுற வாசனை மூக்குல ஏறும்னு பழைய ஆளுங்க சொல்லுவாங்க, வந்தவங்கள்ல பாதிப் பேருக்கு அங்க வேலை பாத்த மாமனோ சித்தப்பனோ இருந்திருப்பாங்க. விளம்பரம்தான், ஆனா ஊர் விளம்பரம். 2005ல அந்த ஆலையை மூடிட்டாங்க.

அதுக்கு நேர் எதிர் வோங்கா. 2013ல இருந்து நாலு வருஷம் நியூகாசில் நெஞ்சுல இருந்தது ஒரு கந்துவட்டிக் கம்பெனி பேர். கந்துவட்டின்னு நான் சும்மா திட்டல, சம்பளம் வர்ற வரைக்கும் சில்லறைக் கடன் கொடுக்குறவங்க, அவங்களே போட்ட கணக்குல வருஷத்துக்கு 5,853 சதவீதம் வட்டி. நம்ம ஊர் மீட்டர் வட்டிக்காரனே எழுந்து கும்புடுவான். இங்க ஏழ்மை ஜாஸ்தியான பேட்டைகள் எத்தனையோ இருக்கு, அங்க இருக்கிற பிள்ளைங்களோட ஹீரோக்கள் நெஞ்சுல அந்தப் பேர். செனகல் ஆட்டக்காரர் பாபிஸ் சிஸ்ஸே வட்டி என் மதத்துக்கு ஆகாது, இதைப் போட மாட்டேன்னு முதல்ல நின்னார், அப்புறம் சமாதானமாகி போட்டுக்கிட்டார். வோங்கா 2018ல திவாலாகி மூடிட்டாங்க. பழைய ஜெர்சி எல்லாம் இப்போ ஏகப்பட்ட விலைக்குப் போகுது, ஆனா வோங்காவை யாரும் ஆசையா போட்டு நான் பாக்கல, பெயின்ட் அடிக்கிறவங்க போட்டுப் பாத்திருக்கேன்.

சூதாட்டக் கம்பெனி ஸ்பான்சர் வந்தப்போ இன்னொரு வேடிக்கை. சின்னப் பசங்க சைஸ்ல அந்தப் பேர் போடக் கூடாது, அதனால 2017ல இருந்து 2023 வரைக்கும் அப்பன் நெஞ்சுல ஃபன்88, கையைப் பிடிச்சு நடந்து வர்ற புள்ளை நெஞ்சுல ஒன்னுமில்ல. அந்தப் புள்ளை ஜெர்சிதான் அழகா இருக்கும், எல்லாருக்கும் அதுதான் வேணும். ப்ரீமியர் லீக் க்ளப்புங்க 2023ல கூடிப் பேசி, 2025-26 சீசன் முடிஞ்சதும் சூதாட்டப் பேர் ஜெர்சி முன்பக்கம் வராதுன்னு முடிவு பண்ணிருக்காங்க. ஜெர்சி கைப்பக்கம் வரலாமாம். நல்ல முடிவு போங்க.

ஜனங்க ஏமாந்து போயி வாங்குறாங்கன்னு வெளியில இருந்து பாக்குறவங்க சுலபமா சொல்லிடுறாங்க. 1998ல க்ளப்போட டைரக்டருங்க ரெண்டு பேர், ஃப்ரெடி ஷெப்பர்ட், டக்ளஸ் ஹால், அரபு ஷேக் வேஷம் போட்ட பத்திரிகைக்காரர்கிட்ட தெரியாம வாயைக் கொடுத்து மாட்டுனாங்க. அஞ்சு பவுண்டுல தயாராகுற ஜெர்சிக்கு அம்பது பவுண்டு கொடுக்குறாங்கன்னு ரசிகர்களைக் கிண்டல் பண்ணது, ஊர் பொண்ணுங்களைக் கேவலமா பேசுனது, ஷியரரையே நக்கலடிச்சது எல்லாம் பேப்பர்ல வந்துடுச்சு. ஊரே கொதிச்சுது. பதவியை விட்டுப் போனாங்க, ஒரு வருஷத்துக்குள்ள திரும்பவும் வந்து உக்காந்தாங்க. நான் வயசானவங்ககிட்ட இதைப் பத்தி கேட்டிருக்கேன், ஒருத்தர் கூட எங்களுக்கு விலை தெரியாம இருந்துச்சுன்னு சொன்னதில்ல. "எங்களுக்குத் தெரியாதா என்ன? அவன் வாயால சொன்னான் பாரு, அதுதான்." கொஞ்ச வருஷம் கழிச்சு 2003ல, இங்கிலாந்து ஜெர்சி, மான்செஸ்டர் யுனைடெட் ஜெர்சி விலையைக் கடைக்காரங்களும் கம்பெனியும் க்ளப்பும் கூட்டு சேந்து இறங்க விடாம பாத்துக்கிட்டாங்கன்னு கண்டுபிடிச்சு மொத்தமா 18.6 மில்லியன் பவுண்டு அபராதம் போட்டாங்க, அப்பீல்ல கொஞ்சம் குறைஞ்சது. அதனால விலை இறங்குச்சான்னு கேக்காதீங்க.

இப்போ முதலாளி சவுதி. 2021 அக்டோபர்ல வாங்கினாங்க, அன்னைக்கு ஸ்டேடியம் வாசல்ல கூடின கூட்டத்துல சிலபேர் தலையில சமையலறைத் துண்டைக் கட்டிக்கிட்டு, நீள அங்கி மாட்டிக்கிட்டு ஷேக் மாதிரி ஆடினாங்க, க்ளப்பே அப்புறம் தயவு பண்ணி இப்படி வராதீங்கன்னு அறிக்கை விட்டுச்சு, மூணு நாள் கழிச்சு உங்க இஷ்டம்னு மாத்திச்சு. அடுத்த சீசன்ல வெள்ளைல பச்சை வெச்சு ஒரு ஜெர்சி விட்டாங்க, அப்படியே சவுதி தேசிய டீம் கலர். மனித உரிமைக்காரங்க சத்தம் போட்டாங்க, ஜெர்சி வித்துச்சு. எனக்கு அந்த ஜெர்சி பிடிக்காது, ஆனா அதைப் போட்ட ஒவ்வொருத்தர்கிட்டயும் போயி அரசியல் பேச எனக்கு என்ன யோக்யதை, அவங்க கொண்டு வந்த காசுலதான் கோப்பையும் வந்துச்சு, அதுக்கு நானும்தான் கத்தினேன்.

ஒன்னு கவனிச்சிருக்கேன். ரொம்பத் தீவிரமான ஆளுங்க பலபேர் ஜெர்சியே போடுறதில்ல. வெளியூர் மேட்சுக்குப் போற பஸ்ல ஏறிப் பாருங்க, ஸ்டோன் ஐலண்ட் ஜாக்கெட், பழைய மாடல் அடிடாஸ் ஷூ, கோடு எங்கயும் தெரியாது. எழுபதுகள் கடைசியில போலீஸ் கண்ணுலயும் எதிராளி கண்ணுலயும் படாம இருக்க ஆரம்பிச்ச பழக்கம், இப்போ அதுவே ஒரு யூனிஃபார்ம் ஆயிடுச்சு. வெளியூர் பப் வாசல்ல வேற டீம் கலர் போட்டா உள்ள விடமாட்டோம்னு போர்டும் இருக்கும். ஜெர்சி போட்டவன் புதுசு, டூரிஸ்ட்டுன்னு இவங்க ஒரு பார்வை பாப்பாங்க பாருங்க. அது வெத்து ஜம்பம். அதே ஆளுங்க, கோப்பை ஊர்வலம் வந்த மார்ச் 29 அன்னைக்கு, பீரோவோட அடியில மடிச்சு வெச்சிருந்ததை எல்லாம் எடுத்துட்டாங்க. மூணு லட்சம் பேர் தெருவுல இருந்தாங்கன்னாங்க. எல்லா வருஷ ஜெர்சியும் அன்னைக்கு ஒரே தெருவுல. பச்சை நட்சத்திரம் மாதிரி மங்கிப்போன நீல நட்சத்திரம், காலர் கிழிஞ்சு ஊக்கு குத்தினது, கோட்டு மேல ஷியரர் 9 மாட்டின ஒரு பாட்டி, செத்துப்போன அப்பா ஜெர்சியை போட்டா அளவு பத்தாதுன்னு தோள்ல துண்டு மாதிரி போட்டிருந்த ஒருத்தர். புது ஜெர்சி போட்டிருந்தவங்க அன்னைக்கு கொஞ்சம் கூச்சப்பட்ட மாதிரிதான் இருந்துச்சு.

நான் சென்னையில இருந்து வந்தவன். அங்க ஜெர்சின்னா ஃபர்ஸ்ட் காப்பி, தாய்லாந்து குவாலிட்டி, மாஸ்டர் காப்பி, இதுல எது மட்டம் எது உசத்தின்னு வியாசர்பாடிப் பசங்ககிட்ட பாடம் எடுத்துக்கலாம், ஒரு தெருவுல பாதி அர்ஜென்டினா பாதி பிரேசில், ஒரிஜினல் ஒன்னு கூட இருக்காது, அதனால யாரோட அன்பும் குறைஞ்சதா தெரியல. இங்கயும் சீனாவுல இருந்து பதினஞ்சு இருபது பவுண்டுக்கு வரவழைக்கிறாங்க, கோடு ஒரு மில்லிமீட்டர் தள்ளி இருக்கும், யாரும் ஸ்கேல் வெச்சுப் பாக்குறதில்ல. எனக்கு இந்த ஜெர்சியால கிடைச்ச பெரிய லாபம் பேச்சுத் துணை. சாதாரணமா மெட்ரோ ரயில்ல என்கிட்ட யாரும் பேச மாட்டாங்க, கோடு போட்ட அன்னைக்கு எதிர் சீட் தாத்தா "சனிக்கிழமை என்ன ஆகும்னு நினைக்கிற?"ன்னு ஆரம்பிச்சுடுவார். இங்கிலாந்து டீம் ஜெர்சி அப்படி இல்ல. 2024 ஆகஸ்ட்ல பக்கத்து சண்டர்லாண்ட்ல வெளிநாட்டுல இருந்து வந்தவங்களுக்கு எதிரா கலவரம் நடந்ததுக்கு அப்புறம், இங்கிலாந்து கொடியும் அந்த ஜெர்சியும் கூட்டமா எதிர்ல வந்தா என்னை அறியாம ரோட்டுக்கு அந்தப் பக்கம் போயிடுறேன், போட்டிருக்கிறவங்கள்ல நிறைய பேர் நல்லவங்கதான்னு தெரிஞ்சும். கறுப்பு வெள்ளை கூட்டத்துக்குள்ள நான் ஒதுங்கி நின்னதில்ல.

இப்போ வீட்ல பொண்ணுக்கு ஒன்னு வாங்கணும். ஒரு டிப்ஸ், சின்னப் பசங்க துணிக்கு இந்த நாட்டுல வாட் வரி கிடையாது, பெரியவங்களுக்கு 20 சதவீதம், அதனால ஒல்லியா இருக்கிற பெண்கள் பலபேர் பசங்க செக்ஷன்லயே பெரிய சைஸைப் பாத்து எடுத்துடுறாங்க. முதுகுல என்ன பேர் போடுறதுன்னுதான் வீட்ல சண்டை. நான் டான் பர்ன் 33 போடுன்னேன், பக்கத்து ப்ளைத் ஊர்ப் பையன், பதினோரு வயசுல இந்த க்ளப்பே வேணாம்னு அனுப்பி, சுத்திச் சுத்தி வந்து ஃபைனல்ல கோல் அடிச்சவர், இனிமே எங்க போகப் போறார். அவ அம்மா எங்க டீம் ஆட்டக்காரர் ப்ரூனோ பேரைப் போட்டு ப்ரூனோ 39ங்குறா, அந்த 39 அவரோட அப்பா ஓட்டுன டாக்ஸி நம்பராம், அதுல உருகிட்டா. பொண்ணுக்கு ரெண்டும் வேணாமாம், அவ பேரே வேணுமாம். அதையும் கேட்டுப் பாத்தோம், நம்ம பேர் நீளத்துக்கு முதுகு பத்தல, அதுவும் பசங்க சைஸ்ல சுத்தமா பத்தல. வீட்ல கூப்பிடுற பேரை போட்டுக்கோடின்னா ஸ்கூல்ல சிரிப்பாங்கப்பாங்குறா. மே மாசம் ஆனா பாதி விலைக்கு வரும், அதுவரைக்கும் இழுத்துடலாம்னு நானும் பாக்குறேன், ஒத்துக்குற மாதிரி தெரியல.